பிரமோஸ் யாருடைய ஏவுகணை? கூட்டுத் தயாரிப்பு, கடன் வாங்கிய தொழில்நுட்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரமோஸ் செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரு சண்டை கிளம்புகிறது. "முழுக்க முழுக்க நம்முடையது" என்று ஒரு தரப்பு. "ரஷ்ய ஏவுகணைக்கு நாம் பெயர் மட்டும் வைத்தோம்" என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே உண்மை இல்லை. நடந்த கதை இந்த இரண்டையும்விடச் சுவையானது, நாம் பெருமைப்படவும் கவலைப்படவும் அதில் இடம் இருக்கிறது. வழக்கமாக வரும் கேள்விகளையே எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பிரமோஸ் இந்தியாவுடையதா, ரஷ்யாவுடையதா?

சட்டப்படி பார்த்தால் இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் பிரமோஸ் ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனத்துடையது. இந்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு 50.5 சதவீதப் பங்கு. மாஸ்கோவை ஒட்டிய ரியூத்தவ் நகரில் இருக்கும் என்.பி.ஓ. மஷினோஸ்த்ரோயேனியா என்ற ரஷ்ய நிறுவனத்துக்கு 49.5 சதவீதம். பிரம்மபுத்திரா, மாஸ்க்வா என்ற இரண்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்துத்தான் பிரமோஸ் என்று வைத்தார்கள்.

ஆனால் பங்கு விகிதத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. கூட்டாகச் செய்த எந்த ஆயுதமானாலும் நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன். எஞ்சினைச் செய்யத் தெரிந்தவர் யார்? இலக்கைக் கண்டுபிடிக்கும் சீக்கரைச் செய்யத் தெரிந்தவர் யார்? இன்னொரு நாட்டுக்கு விற்க வேண்டுமென்றால் யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும்? தொடங்கிய காலத்தில் இந்த மூன்றுக்கும் பிரமோஸ் தந்த பதில்களில் ஒன்று இப்போது மாறியிருக்கிறது.

இந்தக் கூட்டு எப்படி உருவானது?

1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணைகள் செய்த வேலையை உலகமே பார்த்தது. பல நூறு கிலோமீட்டர் தாண்டி, தாழப் பறந்து, குறித்த கட்டடத்தைத் தாக்கும் ஓர் ஆயுதம் இந்தியாவிடம் அப்போது இல்லை. அக்னி, பிருத்வி எல்லாம் பாலிஸ்டிக் வகை.

அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் உடைந்தது. ரியூத்தவ் நிறுவனம் ஓனிக்ஸ் என்ற சூப்பர்சோனிக், அதாவது ஒலியைவிட வேகமான, கப்பல் எதிர்ப்பு ஏவுகணையை 1980களிலிருந்தே உருவாக்கி வந்தது. அதை முடிக்கப் பணம் தட்டுப்பாடு. இந்தியாவிடம் பணமும் தேவையும் இருந்தன, அந்தத் தொழில்நுட்பம் இல்லை. ரஷ்யாவிடம் தொழில்நுட்பம் இருந்தது, பணம் இல்லை. இரண்டு பக்கமும் இப்படி ஒரு பற்றாக்குறை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டு அமைந்தே இருக்காது என்பது என் கருத்து.

1998 பிப்ரவரி 12-ஆம் தேதி மாஸ்கோவில் அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் ஆனது. இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் அப்போது டிஆர்டிஓ தலைவராக இருந்த அப்துல் கலாம். தொடக்க முதலீடு 25 கோடி டாலர். நிறுவனத்தை முதல் தலைவராக இருந்து கட்டியெழுப்பியவர் நாகர்கோவில்காரரான சிவதாணுப் பிள்ளை. ரஷ்யப் பக்கத்தில் ரியூத்தவ் நிறுவனத்தின் தலைவர் ஹெர்பர்ட் எஃப்ரெமோவ். மூன்றே ஆண்டுகளில், 2001 ஜூன் 12-ஆம் தேதி, ஒடிசாவின் சாந்திப்பூரில் முதல் சோதனை நடந்தது. மூன்று ஆண்டில் ஒரு சூப்பர்சோனிக் ஏவுகணையை யாராலும் ஒன்றுமில்லாததிலிருந்து செய்துவிட முடியாது. ஓனிக்ஸ் ஏற்கெனவே பெருமளவு தயாராக இருந்ததால்தான் அது நடந்தது.

குரூஸ் ஏவுகணைக்கும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கும் என்ன வித்தியாசம்?

பாலிஸ்டிக் ஏவுகணை ராக்கெட் மாதிரி மேலே எழும்பி, எரிபொருள் தீர்ந்தபின் வளைந்து வந்து இலக்கில் விழும். குரூஸ் ஏவுகணை விமானம் மாதிரி. காற்று மண்டலத்துக்குள்ளேயே, எஞ்சின் ஓட ஓட, வழியை மாற்றிக்கொண்டே இலக்கு வரைக்கும் பறக்கும். ஓட்டுநர் இல்லை, திரும்பி வராது, அவ்வளவுதான்.

பிரமோஸ் அவ்வளவு வேகமாகப் பறப்பது எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடன் வாங்கிய தொழில்நுட்பம் என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பது இங்கேதான் புரியும்.

தரையிலிருந்து ஏவும் பிரமோஸ் சுமார் 8.4 மீட்டர் நீளம், 3 டன் எடை. ஒரு நீண்ட உருளைக் கூட்டுக்குள் இறக்கைகளை மடக்கியபடி அடைத்து வைத்திருப்பார்கள். கிடங்கில் வைப்பதும், லாரியில் கொண்டுபோவதும், ஏவுவதும் அந்த ஒரே கூட்டிலிருந்துதான். கப்பலில் இருந்து ஏவும்போது செங்குத்தாக வெளியே வரும். வெளியே வந்ததும் மூக்கில் மாட்டியிருக்கும் மூடியில் உள்ள சின்னச் சின்ன உந்திகள் வெடித்து, ஏவுகணையை இலக்கின் திசைக்குச் சாய்க்கும். சாய்த்த கையோடு அந்த மூடி கழன்று விழுந்துவிடும். இது சில நொடிகளில் முடிந்துபோகிற வேலை. காணொளியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூக்கின் பக்கவாட்டில் புகை சீறுவது தெரியும்.

அடுத்து, பூஸ்டர் என்ற திட எரிபொருள் உந்தி, ஏவுகணையை ஒலியைவிட வேகமாகத் தள்ளும். பூஸ்டர் எதற்கு என்றால், பிரமோஸின் முக்கிய எஞ்சின் ராம்ஜெட். சாதாரண ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்தச் சுழலும் விசிறிகள் இருக்கும். ராம்ஜெட்டில் சுழலும் பாகமே கிடையாது. முன்னால் இருக்கும் வாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று, வேகத்தினாலேயே அழுத்தப்படும். அதில் எரிபொருளைத் தெளித்துப் பற்றவைப்பார்கள். ஆக, நின்ற இடத்திலிருந்து ராம்ஜெட் கிளம்பாது, யாராவது முதலில் தள்ளிவிட வேண்டும்.

அந்தப் பூஸ்டரை எங்கே வைத்தார்கள் என்பதுதான் ரியூத்தவ் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம். ராம்ஜெட்டின் எரி அறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பூஸ்டர் எரிந்து முடிந்ததும் முன்னாலிருந்து வரும் காற்றே அந்த வெற்றுக் கூட்டைப் பின்னால் தள்ளி வெளியேற்றிவிடும். காலியான அறையில் ராம்ஜெட் பற்றிக்கொள்ளும். இதனால் ஏவுகணையின் நீளமும் மிச்சம், எடையும் மிச்சம்.

அப்புறம் உயரத்தில் மாக் 2.8 வரை, அதாவது ஒலியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம். டோமஹாக் போன்றவை ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் போகிறவை. 290 கிலோமீட்டரைக் கடக்க அவற்றுக்கு 20 நிமிடம் ஆகும் என்றால் பிரமோஸுக்கு ஆறு நிமிடம் போதும். கடைசிக் கட்டத்தில் கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது, எதிரிக் கப்பலின் ரேடாரில் தெரிவதற்கும் மோதுவதற்கும் நடுவே கிடைக்கும் அவகாசம் நொடிக் கணக்குதான்.

இதில் இந்தியாவின் பங்கு என்ன?

தொடக்கத்தில் எஞ்சினும் சீக்கரும் ரஷ்யாவிலிருந்து வந்தன. வழிகாட்டும் அமைப்பு, மென்பொருள், ஏவும் கட்டுப்பாடு, தரைவழி ஏவு வாகனம் ஆகியவை இந்தியாவின் வேலை. இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஓனிக்ஸ் அடிப்படையில் கப்பலைத் தாக்குவதற்காக வந்தது. கடலில் கப்பல் தனியாகத் தெரியும். நிலத்தில் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை அடிப்பது வேறு விஷயம், சுற்றிலும் ஆயிரம் எதிரொலிப்புகள் ரேடாரைக் குழப்பும். தரை இலக்குக்கான பிரமோஸை இந்திய ராணுவம் 2007-இல் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. 2018 மார்ச்சில் இந்தியாவில் செய்த சீக்கருடன் பொக்ரானில் சோதனை நடந்தது. 2020 செப்டம்பர் 30-ஆம் தேதி இந்தியப் பூஸ்டரும் இந்திய உடற்பகுதியும் பொருத்திய பிரமோஸ் ஏவப்பட்டது. 2007-இல் கேரள அரசின் கெல்டெக் ஆலையை வாங்கித் திருவனந்தபுரம் பிரிவு ஆக்கினார்கள். ஹைதராபாத்தில் ஒருங்கிணைப்பு நடக்கிறது. 2025 மே 11-இல் லக்னோ ஆலை திறக்கப்பட்டது.

ஆக, இரண்டாவது கேள்விக்கு, அதாவது சீக்கருக்கு, இந்தியா பதில் கண்டுவிட்டது. முதல் கேள்வியான ராம்ஜெட் இன்னும் ரஷ்யாவின் பெயரைத்தான் சொல்கிறது. "முழுக்க நம்முடையது" என்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. "பெயர் மட்டும் நம்முடையது" என்பவர்கள் அந்தச் சீக்கரை மறக்கக் கூடாது.

அப்படியானால் ரஷ்யா ஏன் பிரமோஸை வாங்கவில்லை?

அதனிடம் ஓனிக்ஸ் இருக்கிறது. ரஷ்யக் கடற்படைக்கும் கரையோரப் படைக்கும் அதுவே போதும். அண்ணன் வீட்டில் இருக்கும்போது தம்பியை யாரும் கூலிக்கு அழைக்க மாட்டார்கள்.

தூரம் ஏன் 290 கிலோமீட்டர் என்று இருந்தது? 300 ஆக்கினால் என்ன?

நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் பொறியியல் இல்லை, ஒரு சர்வதேச உடன்பாடுதான் இருக்கிறது. 1987-இல் ஏழு பணக்கார நாடுகள் எம்டிசிஆர் என்ற ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோகும் ஏவுகணையையோ அதற்கான தொழில்நுட்பத்தையோ பிறருக்குக் கொடுப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துவது அதன் மையம். ரஷ்யா 1995-இல் அதில் சேர்ந்தது. இந்தியா அப்போது உறுப்பினர் இல்லை. எனவே ரஷ்யாவின் கை கட்டப்பட்டிருந்தது. 290 என்ற எண் அப்படி வந்தது.

2016 ஜூனில் இந்தியா எம்டிசிஆரில் உறுப்பினரானது. அடுத்த ஆண்டே, 2017 மார்ச்சில், 450 கிலோமீட்டர் வரை போகக்கூடிய பிரமோஸைச் சோதித்துப் பார்த்தார்கள். நாடுகளுக்கு நடுவே தொழில்நுட்பம் எப்படி அடைபடுகிறது, எப்படித் திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்தவரின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்வது இந்தியா மட்டும் செய்வதா?

இல்லவே இல்லை. குரூஸ் ஏவுகணையின் வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது. பிரமோஸின் மூதாதையைத் தேடிப் போனால் ஹிட்லரின் ஜெர்மனியில் போய் நிற்போம்.

1944 ஜூனில் ஜெர்மனி வி-1 என்ற பறக்கும் குண்டுகளை லண்டன் மீது ஏவத் தொடங்கியது. வெடிக்காமல் விழுந்தவற்றையும் சிதறிய பாகங்களையும் பிரிட்டன் சேகரித்தது. அவற்றில் சில அமெரிக்காவுக்குப் போயின. அங்கே பிரித்துப் பார்த்து, அதே மாதிரி ஜேபி-2 என்ற ஏவுகணையைச் செய்து, அதே ஆண்டு அக்டோபரில் புளோரிடாவில் ஏவிப் பார்த்துவிட்டார்கள்.

சோவியத் ஒன்றியத்துக்கும் வி-1 பாகங்கள் கிடைத்தன. வி-1-இல் இருந்தது போன்ற, விட்டுவிட்டு எரியும் துடிப்பு ஜெட் எஞ்சினில் ஏற்கெனவே ஆராய்ச்சி செய்துவந்த விளாதிமிர் செலொமெய் என்ற இளம் பொறியாளரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர் செய்த ஏவுகணை 1945-இல் சோதிக்கப்பட்டது. பின்னாளில் கூட்டுக்குள் இறக்கையை மடக்கி வைத்து, வெளியே வந்ததும் விரியச் செய்யும் முறையைப் பி-5 ஏவுகணையில் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடைய வடிவமைப்பு நிலையம் 1950களில் ரியூத்தவில் அமைந்தது. பின்னர் அதற்கு என்.பி.ஓ. மஷினோஸ்த்ரோயேனியா என்று பெயர் வந்தது. ஆமாம், பிரமோஸில் 49.5 சதவீதம் வைத்திருக்கும் அதே நிறுவனம்.

உரிமம் வாங்குவது, நகலெடுப்பது, கூட்டாகச் செய்வது: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. இந்தியாவின் முதல் பெரிய ஏவுகணை வெற்றி முழுக்க வாங்கிய பொருளால் வந்தது. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய படகுகளும் சோவியத் தயாரிப்பு, அவை ஏவிய பி-15 ஏவுகணைகளும் சோவியத் தயாரிப்பு. அவற்றைப் பயன்படுத்திய துணிச்சல் நம் மாலுமிகளுடையது. ஆனால் ஏவுகணையைத் திறந்து பார்த்து அடுத்ததைச் செய்யும் அறிவு அதனால் வந்துவிடவில்லை.

சீனா வேறு வழியில் போனது. அதே பி-15-ஐ சோவியத் உதவியோடு பெற்று, பின்னர் தானே வளர்த்து, மேற்கத்திய நாடுகள் சில்க்வார்ம் என்று அழைக்கும் ஏவுகணை வரிசையை உருவாக்கியது. நகல் என்று ஏளனமாகச் சொல்லலாம். ஆனால் நகலெடுக்கும்போது ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் உருவானார்கள்.

சந்தேகத்துக்குரிய வழியும் உண்டு. சோவியத் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் தங்கிவிட்ட கேஹெச்-55 குரூஸ் ஏவுகணைகளில் 12 ஈரானுக்கும் 6 சீனாவுக்கும் கள்ளத்தனமாகப் போயின. 2005-இல் உக்ரைன் அதிகாரிகளே இதை ஒப்புக்கொண்டார்கள். பத்து ஆண்டு கழித்து ஈரான் காட்டிய சௌமார் ஏவுகணையின் தோற்றம் அதை அப்படியே நினைவூட்டியது.

கூட்டாகச் செய்வதில் இதெல்லாவற்றிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. சோதனை தோற்கும்போது அந்த அறையில் நீங்களும் இருப்பீர்கள். ஏன் தோற்றது என்ற அறிவு, வாங்கிய பொருளோடு வரும் கையேட்டில் இருக்காது.

கூட்டாளி நினைத்தால் விற்பனையைத் தடுக்க முடியுமா?

முடியும். பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு மூன்று கரையோர பிரமோஸ் தொகுதிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024 ஏப்ரலில் இந்திய விமானப்படையின் சி-17 விமானம் முதல் தொகுதியைக் கொண்டுபோய் இறக்கியது. இதற்கெல்லாம் ரஷ்யாவின் சம்மதம் வேண்டியிருந்தது, கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம்.

ஐரோப்பாவிலும் இதே தலைவலிதான். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்த ஏவுகணை பிரிட்டனில் ஸ்டார்ம் ஷேடோ, பிரான்சில் ஸ்கால்ப். எகிப்துக்கு ரஃபேல் விமானங்களோடு ஸ்கால்பையும் விற்க பிரான்ஸ் முயன்றபோது, உள்ளே இருந்த ஓர் அமெரிக்கப் பாகம் குறுக்கே நின்றது. ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின்படி அமெரிக்கா அனுமதி தரவில்லை. பிரான்ஸ் போன்ற நாட்டுக்கே இந்த நிலைமை. ஒரே ஒரு பாகம் போதும், முழு ஏவுகணையின் சாவியும் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

கூட்டாளி பாதியில் கைவிட்டால்?

அந்த அனுபவமும் நமக்கு உண்டு. 1991-இல் இஸ்ரோ, சோவியத் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மோஸிடம் கிரையோஜெனிக் எஞ்சினையும் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின்) அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அமெரிக்கா 1992-இல் இரண்டு நிறுவனங்கள் மீதும் தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின்களைத் தருகிறோம், தொழில்நுட்பத்தைத் தர மாட்டோம் என்றது.

பிறகு இந்தியாவே செய்ய வேண்டியதாயிற்று. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்கில் எஞ்சின்களை ஓட்டிச் சோதித்தார்கள். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் இந்தியக் கிரையோஜெனிக் எஞ்சினோடு வெற்றிகரமாகப் பறந்தது. இருபது ஆண்டு தாமதம் என்பது சாதாரண விலை இல்லை. ஆனால் அந்த எஞ்சினை விற்கவோ மாற்றவோ இன்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தனியாகவே குரூஸ் ஏவுகணை செய்ய முடியாதா?

முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நிர்பய் என்ற ஒலியைவிட வேகம் குறைந்த ஏவுகணையின் முதல் சோதனை 2013 மார்ச்சில் தோல்வி. 2014 அக்டோபரில் வெற்றி. அதிலும் தடுக்கியது எஞ்சின்தான். தொடக்கத்தில் ரஷ்ய எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். பெங்களூரில் உருவான மாணிக் என்ற சிறிய டர்போஃபேன் எஞ்சின் பொருத்திய ஏவுகணை 2024 ஏப்ரலில் நன்றாகப் பறந்தது. செய்தித்தாள்களில் இதற்கு ஒரு பத்தி இடம்தான் கிடைத்தது. இன்னும் பெரிதாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

தஞ்சாவூருக்கும் பிரமோஸுக்கும் என்ன தொடர்பு?

2020 ஜனவரி 20-ஆம் தேதி தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-ஆம் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். சுகோய்-30 விமானங்கள் கொண்ட அந்தப் பிரிவுக்கு பிரமோஸ் ஏவும் திறன் உண்டு. விமானத்துக்கான பிரமோஸ் எடை குறைக்கப்பட்டது, இருந்தும் 2.5 டன். அதனால் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ஒன்றே ஒன்றைத்தான் தொங்கவிட முடியும். அதற்கே விமானத்தின் உடலை வலுப்படுத்த வேண்டியிருந்தது. முதல் வான்வழிச் சோதனை 2017 நவம்பரில் வங்கக் கடலில் நடந்தது. இந்தியப் பெருங்கடல் மீது ஒரு கண் வைத்திருக்கத் தஞ்சாவூர் வசதியான இடம்.

2022-இல் தவறுதலாகப் பாய்ந்தது பிரமோஸ்தானே?

ஆமாம். மார்ச் 9-ஆம் தேதி இந்தியாவிலிருந்து கிளம்பிய ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. யாரும் சாகவில்லை. இந்தியா வருத்தம் தெரிவித்தது. விசாரணைக்குப் பிறகு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கு நடுவே, ஆறு நிமிடத்தில் இலக்கைத் தொடும் ஓர் ஆயுதம் இப்படிப் பாய்வது மிக அபாயகரமானது. அன்றைக்கு மறுபக்கம் நிதானமாக இருந்தது பெரிய விஷயம். வேகத்தை மெச்சும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். 2025 மே மாத மோதலில் பிரமோஸ் தங்கள் விமானத் தளங்களைத் தாக்கியதைப் பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீஃபே பொதுமேடையில் சொன்னார். எனவே இது இனிமேல் அணிவகுப்பில் மட்டும் பார்க்கும் ஆயுதம் இல்லை.

அடுத்தது என்ன?

பிரமோஸ்-என்ஜி என்ற சிறிய வடிவம் உருவாகி வருகிறது. இப்போதைய ஏவுகணையைவிட எடையில் கணிசமாகக் குறைவு. சுகோயில் ஒன்றுக்கு மேல் மாட்டலாம், தேஜஸ் போன்ற சின்ன விமானத்திலும் பொருத்தலாம் என்பது திட்டம். அளவைக் குறைத்தால் ராம்ஜெட்டையும் புதிதாக வடிவமைத்தாக வேண்டும். அந்த வேலையில் எவ்வளவு பங்கு ஹைதராபாத்தில் நடக்கிறது, எவ்வளவு ரியூத்தவில் நடக்கிறது என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.